சுவர் குடிக்கும் வெயில்

திமிரியில் சித்திரை மாதம் ராத்திரி எட்டு மணிக்குச் சுவரில் கை வைத்தாலும் சுடும். நாம் அலுத்துக்கொள்கிற இந்தச் சூட்டை லடாக்கில் ஆசையாகப் பிடித்து வீட்டுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். லே நகரத்துக்குப் பக்கத்தில், சிந்து நதிக்கரையில் பே என்றொரு கிராமம். அங்குள்ள செக்மோல் என்ற கல்வி அமைப்பின் வளாகத்தில் மண்ணை இடித்து இடித்துக் கெட்டித்த தடித்த சுவர்கள். கட்டடங்கள் தெற்கு பார்த்தவை. பனிக்காலம் வந்ததும் தெற்கு முகப்பில் பிளாஸ்டிக் தாளை இறக்கிக் கட்டுகிறார்கள். அவ்வளவுதான், பசுமைக்குடில் தயார். மார்கழிச் சூரியன் தெற்கே சாய்ந்து தாழ நடப்பதால் வெயில் நேராக உள்ளே விழும்.

அந்தத் தாளுக்குப் பின்னால் இருப்பது தனி உலகம். காற்றடித்தால் தாள் படபடக்கும். உட்புறம் முத்து முத்தாய் வியர்த்து, துளிகள் ஒன்றுசேர்ந்து வழியும். ஈரமண் வாசம், கீரைப் பாத்தி. வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினைந்து டிகிரி! வெயில் ஏறியதும் கதவைத் திறந்து சூடான காற்றை அறைக்குள் விட வேண்டும், பொழுது சாயுமுன் மறக்காமல் மூட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கைப்பக்குவம்தான். விறகு இல்லை, புகை இல்லை, கண் எரிச்சல் இல்லை. பகலெல்லாம் மெல்லக் குடித்த வெயிலைச் சுவர் ராத்திரியில் அவசரமில்லாமல் திருப்பித் தருகிறது. கோடை வந்தால் தாளைச் சுருட்டி மேலே கட்டிவிடுவார்கள்.