ஒருவழிப் பாசமா?

பாட்காஸ்ட் நடத்துபவர் மீது கேட்பவருக்கு ஏற்படும் பாசத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பழைய கட்டுரையில் போய் நிற்கிறார்கள். 1956-ல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு அமெரிக்கர்கள் எழுதியது. வானொலி, டிவி, சினிமா ஆட்களோடு நமக்கு உண்டாகும் நெருக்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'பாரா-சோஷியல்'. அவரை நமக்குத் தெரியும், நம்மை அவருக்குத் தெரியாது. நேரில் பழகுவது போன்ற ஒரு மாயை, அவ்வளவுதான் என்பது அவர்கள் வாதம்.

இலங்கை வானொலியை வைத்துப் பார்த்தால் இந்த வாதம் பாதிதான் பொருந்துகிறது.

அருப்புக்கோட்டை நெசவு ஊர். தறிச் சத்தத்துக்கு நடுவிலும் ரேடியோவில் கொழும்பு கேட்கும். திருச்சுழிப் பக்கம் டீக்கடைகளிலும் அதேதான். மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் - யாருக்கும் இவர்கள் முகம் தெரியாது. ஆனா எங்க பெரியம்மா, "ராஜா குரல் கேட்டு ரெண்டு நாளாச்சு, உடம்புக்கு என்னவோ"ன்னு கவலைப்பட்டதைச் சொல்வாங்க. இதுவரை ஹார்ட்டன், வோல் சொன்னபடியே நடக்கிறது.

இடிப்பது அடுத்த படியில். நேயர் கடிதம் போடுவார். பாட்டுக்கு முன்னால் விரும்பிக் கேட்டவர்களின் பெயரை ஊரோடு அறிவிப்பாளர் வாசிப்பார். பிறந்தநாள் வாழ்த்தில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி என்று ஒரு குடும்பமே வரும். நம்ம ஊர்ப் பெயர் கடல் தாண்டிப் போய், இன்னொருத்தர் குரலில் திரும்பி வரும். இதை வெறும் ரசிகர் கடிதம் என்று ஒதுக்க முடியாது. கடிதம் வராவிட்டால் அந்த நிகழ்ச்சியே கிடையாது.

பாட்காஸ்டில் குரல் காதுக்குள்ளேயே வந்துவிட்டது. நடத்துபவரின் மூட்டுவலி வரை நமக்குத் தெரியும். அவருக்குப் போய்ச் சேருவதோ பெரும்பாலும் டவுன்லோட் எண்ணிக்கை. ஆர்.எஸ்.எஸ். என்ற ஏற்பாடே அப்படித்தான்: செயலி ஃபைலை இறக்கிக்கொள்ளும், கேட்பவர் பெயரை அனுப்பாது. கேட்பவர் கடிதங்களை எடுத்து வாசிக்கிற சிலர்தான் விதிவிலக்கு.

வியாபாரம் அன்றும் உண்டு. கொழும்பின் வர்த்தக சேவை விளம்பரத்தில்தான் ஓடியது. ஆனால் விளம்பரம் சொன்ன அதே வாய் நம் பெயரையும் சொன்னது. இன்று "நீங்க எல்லாரும் நம்ம குடும்பம்"னு சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் தள்ளுபடி கோடு தருகிறவரிடம்தான் ஹார்ட்டன், வோல் எச்சரிக்கை கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஆகவே கேட்பவரின் பாசம் நிஜமா பொய்யா என்று ஆராய்வது வீண். அது நிஜம்தான். மறுமுனையில் கடிதத்தைப் பிரிக்க ஆள் உண்டா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.