‘இனங்களின் தோற்றம்’: தன் தடைகளைத் தானே கூறிய நூல்

ஒரு கொள்கையை நிலைநாட்டப் புகுந்தோர் அதற்குச் சார்பானவற்றை விரித்தும் மாறானவற்றைச் சுருக்கியும் செல்லுதல் உலக வழக்கு. நம் தருக்க நூலார் இதனை ஒப்பார். பிறர் கூற்றை அதன் வலிமை தோன்ற எடுத்துரைத்த பின்னரே தம் கூற்றை நிறுவுதல் அவர் நெறி. பரபக்கம் கூறிப் பின் சுபக்கம் கூறும் சிவஞான சித்தியாரின் அமைப்பை அறிந்த நம்மவர்க்கு இது புதிதன்று. மேனாட்டு அறிவியல் நூல்களுள் இந்நெறியைச் செவ்வனே கைக்கொண்ட ஒன்று, சாள்ஸ் டார்வின் இயற்றி 1859 நவம்பர் 24 ஆம் நாள் இலண்டனில் வெளியிட்ட ‘இனங்களின் தோற்றம்’. அந்நூலின் பெருமை அது கண்ட முடிவில் மட்டுமன்று. தன் முடிவு எவற்றாற் பொய்யாகும் என்பதை அதுவே எடுத்துரைத்தமையிலும் உள்ளது. அவ்வழியே அதனை அளந்து பார்த்தல் இக்கட்டுரையின் நோக்கம்.

கூர்ப்பு என நாம் வழங்கும் இக்கொள்கையின் உள்ளுரை மிகச் சிறியது. ஓரினத்து உயிர்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. அவற்றிடையே சிறு வேறுபாடுகள் உள. அவற்றுட் பல பெற்றோரிடமிருந்து வழித்தோன்றல்களுக்கு இறங்குவன. பிறப்பன அனைத்துக்கும் உணவும் இடமும் போதா. ஆதலிற் பல மடியச் சில எஞ்சும். சூழலுக்கு இயைந்த வேறுபாடு உடையவை மிகுதியாக எஞ்சி மிகுதியாக ஈனும். தலைமுறைதோறும் இது நிகழ, இனத்தின் இயல்பு படிப்படியாக மாறும். ஓரினம் கிளைத்துப் பலவாகும். இதனையே இயற்கைத் தேர்வு என்பர். தனி உயிரொன்று தன் வாழ்நாளில் வேறோர் இனமாவதில்லை, மாறுவது குடித்தொகையே.

இதனை நிறுவ ஆசிரியர் புறா வளர்ப்போரிடமிருந்து தொடங்குகின்றார். விசிறிபோன்ற வாலுடைய புறாவும், கழுத்துப் புடைத்த புறாவும், பிறவும் காட்டு மாடப்புறா ஒன்றிலிருந்தே மனிதனின் தெரிவினால் வந்தவை. மனிதன் குறுகிய காலத்திற் செய்ததை இயற்கை நெடுங்காலத்திற் செய்யாதோ என்பது வினா. பின்னர்ச் சான்றுகள் அணிவகுக்கின்றன. மனிதன் கையும், வௌவாலின் சிறகும், திமிங்கிலத்தின் துடுப்பும், குதிரையின் முன்காலும் செய்யும் தொழிலில் வேறு. என்புகளின் அடைவில் ஒன்று. கலாபகசுத் தீவுகளும் வேர்டே முனைத் தீவுகளும் மண்ணாலும் தட்பவெப்பத்தாலும் ஒத்தவை. ஆயினும் முன்னவற்றின் உயிர்கள் தென்னமெரிக்க உயிர்களையும், பின்னவற்றின் உயிர்கள் ஆபிரிக்க உயிர்களையுமே ஒத்துள்ளன. இடத்துக்கேற்ப உயிர்கள் தனித்தனியே ஆக்கப்பட்டன எனின் இவ்வேறுபாட்டுக்குக் காரணம் காட்டல் அரிது. அண்மை நிலத்திலிருந்து வந்து குடியேறி மாறின எனின் எளிது.

நூலின் உயிர்நிலை இதற்குப் பின்னரே உள்ளது. முதற் பதிப்பின் பதினான்கு அதிகாரங்களுள் ஆறாவது கொள்கைக்கு நேரும் இடர்களையும், ஒன்பதாவது பாறைகளிற் கிடைக்கும் சான்றின் குறைபாட்டையும் பேசுகின்றன. சிறு சிறு மாற்றங்களின் வழியே ஒருபோதும் அமைந்திருக்க இயலாத உறுப்பொன்று காட்டப்படுமாயின் தம் கொள்கை அழியும் என்று ஆசிரியர் தாமே எழுதுகின்றார். கண் அத்தகைய உறுப்பன்றோ என்னும் வினாவையும் அவரே எழுப்புகின்றார். அதற்கு விடை உயிருள்ள விலங்குகளிடமே உள்ளது. மெல்லுடலிகளை மட்டும் நோக்கினும், ஒளியை உணரும் குழி, ஊசித்துளைக் கண், வில்லை அமைந்த கண் எனப் படிகள் பலவுள. ஒவ்வொரு படியும் அதனை உடைய உயிருக்குப் பயன்படுகின்றது. மேலும் நம் கண்ணில் நரம்பிழைகள் விழித்திரையின் முன்புறம் ஓடி ஓரிடத்தில் அதனைத் துளைத்துச் செல்லுதலால் ஒரு குருட்டிடம் உண்டு. கணவாயின் கண்ணில் அக்குறை இல்லை. வெவ்வேறு வழியே வந்த இரு கண்கள், தத்தம் வழியின் தடயத்தை இன்றும் தாங்கி நிற்கின்றன.

இடைப்பட்ட உயிர்களின் சுவடுகள் எங்கே என்பது இரண்டாவது தடை. 1859 இல் இதற்குத் தக்க விடை இல்லை. தேடல் போதாது என்றே டார்வின் கூற முடிந்தது. இரண்டாண்டுகளுள், 1861 இல், பவேரியாவின் சுண்ணக்கற் பாறையில் ஆர்க்கியொத்தெரிக்சு கிடைத்தது. இறகு பறவையினது, பல்லும் நீண்ட வாலென்பும் ஊர்வனவற்றினது. 2004 இல் வட கனடாவின் எல்சுமியர் தீவிற் கிடைத்த திக்தாலிக்கு இன்னும் சிறந்த சான்று. மீன்கள் மட்டுமே உள்ள பாறைக்கும் நாற்காலிகள் தோன்றிய பாறைக்கும் இடைப்பட்ட காலத்துப் பாறையைத் தெரிந்து, அங்கே சென்று தேடியவர்க்கு அது கிடைத்தது. ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்வுயிருக்குச் செதிலும் உண்டு, கழுத்தும் உண்டு. துடுப்பினுள்ளே மணிக்கட்டை ஒத்த என்புகளும் உண்டு. முன்கூட்டிக் கூறி, கூறியவாறே காண்டல் ஒரு கொள்கைக்கு உரைகல்லாகும்.

எனினும் நூலிற் குறையில்லை என்றல் பொருந்தாது. நீரில் வாய் திறந்து நீந்திப் பூச்சி பிடிக்கும் கரடியினம் காலப்போக்கில் திமிங்கிலம் போன்றதொன்றாகலாம் என முதற் பதிப்பில் எழுதிய ஆசிரியர், நகைப்புக்கு ஆளாகி அடுத்த பதிப்பிலேயே அதனைச் சுருக்கினார். பாக்கித்தானிலும் இந்தியாவிலும் பின்னர்க் கிடைத்த சுவடுகள், திமிங்கிலம் குளம்புடைய விலங்குகளின் உறவினின்றும் வந்தது எனக் காட்டின. தரை விலங்கிலிருந்து வந்தது என்பது மெய். கரடி என்பது பிழை. இதனினும் பெரிய குறை, வேறுபாடுகள் எவ்வாறு இறங்குகின்றன என்பதை அவர் அறியாமை. பெற்றோர் இயல்புகள் பாலும் நீரும்போற் கலக்குமாயின் நல்ல வேறுபாடு சில தலைமுறைகளிற் கரைந்துவிடுமே என 1867 இல் பிளீமிங் ஜெங்கின் வினாவினார். அது கூரிய வினா. விடை 1866 இலேயே மெண்டெலின் கட்டுரையில் அச்சேறியிருந்தும், 1900 வரை எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. இத்தகைய தாக்குதல்களால் டார்வின் பின்னைப் பதிப்புகளில் உறுப்புகளின் பயிற்சியும் பயிலாமையும் வழித்தோன்றல்களுக்கு இறங்கும் என்னும் கருத்துக்கு மேலும் இடங்கொடுத்தார். ஆதலின் 1872 இன் ஆறாம் பதிப்பினும் முதற் பதிப்பே திட்பமுடையது. மாணவர் கற்க வேண்டுவதும் அதுவே.

டார்வின் அறியாத சான்றொன்று இன்று நம்மிடம் உண்டு. ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்போர் ஒன்றறிவர்: இரண்டு ஏடுகளில் ஒரே இடங்களில் ஒரே பிழைகள் காணப்படின், அவை ஒரே மூல ஏட்டின் வழி வந்தவை. உயிரணுவின் ஏட்டிலும் இவ்வாறே. முலையூட்டிகளுட் பெரும்பாலன உயிர்ச்சத்து ‘சி’ யைத் தம் உடலிலேயே ஆக்குகின்றன. அதற்குரிய பரம்பரையலகு மனிதனிடமும் சிம்பன்சியிடமும் சிதைந்து கிடக்கின்றது. இருவரிடமும் சிதைவுகள் ஒத்துள்ளன. மனிதனுக்கு நிறமூர்த்தங்கள் 46, சிம்பன்சிக்கு 48. நம் இரண்டாம் நிறமூர்த்தத்தின் நடுவே, இரு நிறமூர்த்தங்களின் நுனிகள் ஒட்டிய தழும்பு தெளிவாகவே உள்ளது.

கூர்ப்பு கண்முன் நிகழ்வதையும் நம் நாடு கண்டுள்ளது. டீ.டீ.ரீ. தெளித்தமையால் 1963 இல் இலங்கை முழுவதிலும் மலேரியா நோயாளர் 17 பேராகக் குறைந்தனர். தெளிப்பு தளரவே 1967, 1968 ஆம் ஆண்டுகளில் நோய் மீண்டும் பரவியது. மறுபடி தெளித்த காலத்தில், அம்மருந்துக்கு மடியாத நுளம்புகள் பெருகின. 1970 களில் மலத்தியனை நாட வேண்டியதாயிற்று. எந்த நுளம்பும் நஞ்சைத் தாங்கப் பழகவில்லை. தாங்கவல்ல சில முன்னரே இருந்தன. ஏனையவை மடிய, அவற்றின் வழித்தோன்றல்களே எஞ்சின.

இனி, நம்மிடையே மேடைதோறும் கேட்கும் ஒரு கூற்றை ஆராய்தல் வேண்டும். மீன், ஆமை, பன்றி, நரசிங்கம், வாமனன் என்னும் அவதார வரிசை டார்வின் கொள்கையை முன்னரே கூறிற்று என்பர் சிலர். பன்றிக்கும் மனிதனுக்கும் இடையில் சிங்கம் நிற்றற்குக் காரணம் யாது? ஆமை மீனின் வழித்தோன்றல் என்று எப்புராணம் கூறிற்று? அவதாரத்தின் பொருள் அறங்காத்தல். உடலின் மரபுரைத்தல் அன்று. திருவாசகத்தின் சிவபுராணம் புல் முதலாகப் பல பிறவிகளை அடுக்கிக் கூறுவதும் ஓர் உயிர் எடுத்து இளைத்த பிறப்புகளையே. டார்வின் கூறுவது உடல்களின் வழிவழித் திரிபை. இரண்டும் வெவ்வேறு வினாவுக்கு விடைகள்.

கேம்பிரியன் காலத்துக்கு முற்பட்ட பாறையில் முயலின் என்பு ஒன்று ஐயமறக் கிடைப்பின் கூர்ப்புக் கொள்கை ஆட்டங்காணும். எந்த என்பு கிடைத்தால் தசாவதாரம் பொய்யாகும்? எதுவும் ஆகாது, ஆகவேண்டுவதும் இல்லை. அவ்வாறாக, ஒன்றை மற்றொன்றாற் பெருமைப்படுத்த முயல்வோர் அறிவியலின் கூர்மையையும் மழுக்குகின்றனர். சமயத்தின் ஆழத்தையும் தூர்க்கின்றனர். ‘எம் முன்னோர் யாவும் அறிந்திருந்தனர்’ என்று அமைதியுறும் மாணவன் மேலும் ஒரு பாறையைப் புரட்டான். தன் கூற்றைத் தானே ஐயுற்று, தடைகளை வரிசைப்படுத்தி, விடை காணாதவற்றை விடை காணாதவை என்றே விட்டுச்சென்ற நூலிடம் நாம் கற்கத்தக்கது அந்த நேர்மையே. பரபக்கம் கேளாமற் சுபக்கத்தை நாடாத மரபில் வந்த நமக்கு அது அயலாரின் பாடமன்று.