ஓடைக்கு ஒரு நண்டு

புலி பார்க்கப் போகிறவர்கள் போகட்டும். விடியற்காலையில் ஜீப்பில் தொற்றிக்கொண்டு காடெல்லாம் சுற்றி, நாலு மானையும் ஒரு மயிலையும் பார்த்துவிட்டுத் திரும்பட்டும். எனக்கு மழைக்காலத்து மலையோடை ஒன்று போதும். முழங்கால் நனைய இறங்கி, நெற்றி விளக்கைச் சாய்த்துப் பிடிக்கும்போது பாறை இடுக்கில் காம்பு வைத்த இரண்டு கண்கள் மினுங்கினால், எனக்கு அன்றுதான் தீபாவளி! “ஒரு நண்டுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?” என்று வீட்டில் கேட்பார்கள். ஆமாம், நண்டுக்குத்தான்.

சமவெளிக்காரர்களுக்கு நன்னீர் நண்டு என்றால் வயல் வரப்பு நண்டு. வளையிலிருந்து பிடித்து, மிளகு தட்டிப் போட்டு ரசம் வைத்து, சளிக்கு மருந்து என்று உறிஞ்சிவிட்டு மறந்துவிடுவோம். நானும் அந்த ரசம் குடித்து வளர்ந்தவன்தான். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறிப் பாருங்கள், கதையே வேறு. ஆரஞ்சு, கத்தரிப்பூ ஊதா, கருநீலம் என்று ஓடுகள். 2016இல் மகாராஷ்டிரத்துச் சஹ்யாத்ரியிலிருந்து ஒரே ஆய்வுக் கட்டுரையில் 5 புதிய இனங்கள் அறிவிக்கப்பட்டன. அதில் ஒன்றுக்கு வைத்த பெயர் காட்டியானா ஸ்ப்ளெண்டிடா, அதாவது ‘பளபளக்கும் அழகு’. படத்தைப் பார்த்தால் அந்தப் பெயரே கஞ்சத்தனமாகத் தோன்றும்! 2022இல் கர்நாடகத்தின் எல்லாப்பூர் பக்கம் கிடைத்த காட்டியானா த்விவர்ணாவுக்கு உடம்பு வெள்ளை, கால்கள் செவ்வூதா. அதை முதலில் கண்டு கவனித்தவர்கள் ஒரு வனக்காவலரும் ஓர் இயற்கை ஆர்வலரும். இந்தச் செய்தியைப் படித்த அன்று நான் யாரிடமெல்லாம் போன் போட்டுச் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

ஏன் இத்தனை வகை? இங்கேதான் எனக்குப் புல்லரிக்கும். கடல் நண்டு லட்சக்கணக்கில் முட்டையிடும். பொரிந்து வருகிற நுண்ணிய இளம்உயிரிகள் நீரோட்டத்தோடு எங்கெங்கோ மிதந்து போய், உருமாறி, பிறகுதான் நண்டாகும். மலை நண்டுக்கு அந்தப் பருவமே கிடையாது. பெரிய மஞ்சள்கருவோடு சில டஜன்களிலிருந்து சில நூறு முட்டைகள்வரை. அவற்றிலிருந்து நேராகக் குட்டி நண்டுகளே வெளியே வரும். வந்தபின்னும் கொஞ்ச நாள் தாயின் வயிற்று மடிப்புக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். மடிப்பு லேசாக விரியும்போது உள்ளேயிருந்து பொடிப்பொடியாகக் கால்கள் அசைவதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்காதவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

தாயின் மடியில் வளரும் குட்டி எவ்வளவு தூரம் போய்விடும்? பிறந்த ஓடையைச் சுற்றியே வாழ்ந்து முடியும். நடுவே ஒரு வறண்ட முகடு, ஒரு ஆழமான பள்ளத்தாக்கு இருந்தால் போதும், இந்தப் பக்கத்து நண்டுக்கும் அந்தப் பக்கத்து நண்டுக்கும் கொள்வினை கொடுப்பினை அற்றுப்போகும். லட்சக்கணக்கான ஆண்டுகள் அப்படியே ஓடினால் இரண்டும் இரண்டு இனம். உலகில் இதுவரை பெயர் பெற்ற நன்னீர் நண்டுகள் 1,300க்கும் மேல். இலங்கையைப் பாருங்கள்: அந்தச் சின்னத் தீவில் மட்டும் 50 இனங்களுக்குக் குறையாமல் இருக்கின்றன, அநேகமாக அத்தனையும் வேறெங்கும் கிடையாதவை.

சரி, ஒரு நண்டு “புதுசு” என்று எப்படித் தெரியும்? நிறத்தை வைத்துச் சொல்ல முடியாதா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். முடியாது. ஒரே ஓடையில் ஒரே இனம் இரண்டு மூன்று நிறத்தில் திரியும். போதாக்குறைக்கு, ஆல்கஹாலில் போட்டால் எந்த அழகனும் சில வாரங்களில் பழுப்பாகிவிடுவான். அதனால்தான் உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்துவிட வேண்டும் என்று அவசரப்படுகிறார்கள்.

உண்மையான சாட்சி ஆண் நண்டின் வயிற்று மடிப்புக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. முதல் ஜோடி இனப்பெருக்க உறுப்பு. குழல்போல நீண்டு, நுனியில் வளைந்தோ நிமிர்ந்தோ இருக்கும். அந்த நுனியின் வளைவுதான் இனத்துக்கு இனம் மாறும். எனக்குத் தெரிந்த ஆராய்ச்சி மாணவி ஒருத்தி இதைப் பிரித்தெடுப்பதை நுண்ணோக்கி மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. எந்த மலையில் பிடித்தது என்பதைக் கட்டுரை அச்சேறும்வரை சொல்லக் கூடாது என்று கட்டளை, ஆகவே சொல்லமாட்டேன். “அண்ணே, கொஞ்சம் மூச்சை அடக்குங்க, பறந்துடப் போகுது” என்றாள். அடக்கினேன். இடப்பக்கத்து உறுப்பை இடுக்கியால் எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்தாள். கேமரா லூசிடா என்று ஒரு கண்ணாடி அமைப்பு. நுண்ணோக்கியில் தெரிகிற உருவமும் தன் பென்சில் முனையும் ஒரே சமயத்தில் கண்ணுக்குத் தெரியும். அதை வைத்து ஒவ்வொரு மயிரையும் மேட்டையும் விடாமல் வரைந்தாள். புகைப்படம் எடுக்க ஆயிரம் கருவி வந்த பிறகும் இந்தக் கைப்படத்துக்கு மவுசு குறையவில்லை. குறையவும் கூடாது என்பேன்; என்ன அழகான கோடுகள்!

பிறகு ஓட்டின் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்தாள். கண்ணுக்குப் பின்னாலுள்ள வரம்பு கூர்மையா மழுங்கலா, வாயுறுப்பின் பக்கக்கிளையில் சாட்டைபோன்ற நுனி உண்டா இல்லையா என்று பார்த்தாள். கால் தசையில் துளி எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினாள். எனக்குப் பிடித்த கட்டம் இதற்கப்புறம்தான்: பழைய நண்டுகளோடு வழக்காடுவது. ஆல்காக் 1910இல் எழுதிய இந்திய நன்னீர் நண்டுப் பட்டியல், ரிச்சர்ட் பாட் 1970இல் எழுதியது, பாஹிரும் இயோவும் 2007இல் தென்னிந்திய நண்டுகளைத் தலைகீழாகப் புரட்டி வகைப்படுத்தியது என்று எல்லாவற்றையும் விரித்துவைத்துக்கொண்டு, “நீ அவனில்லை, இவனுமில்லை” என்று ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். நூறு வருடத்துக்கு முன் யாரோ ஒரு பெண் நண்டை மட்டும் வைத்துப் பெயர் சூட்டிப் போயிருந்தால் வந்தது வினை. ஆணுறுப்பை ஒப்பிட வழியிருக்காது. அந்தப் பழைய ஊரையே தேடிப் போய் ஆண் நண்டு பிடித்து வர வேண்டும். துப்பறியும் நாவல் படிக்கிறவர்கள் இந்த வகைப்பாட்டுக் கட்டுரைகளை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

எல்லாம் தேறினால் ஒரு நண்டு, பெரும்பாலும் முழு வளர்ச்சியடைந்த ஆண், ஹோலோடைப் ஆகிறது. அந்தப் பெயருக்கு என்றென்றைக்கும் அதுதான் ஆதாரம். எண் போட்டு, சீட்டு ஒட்டி, அருங்காட்சியகத்தில் புட்டிக்குள் உட்காரும். நூறு வருடம் கழித்துச் சந்தேகம் வந்தாலும் புட்டியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

மரத்தில் வாழும் நண்டைச் சொல்லாமல் விட்டால் என் நெஞ்சே என்னை மன்னிக்காது. தெற்குக் கேரளத்து மலைகளில் காணி மக்கள், மரப்பொந்துகளில் தேங்கும் மழைநீரில் நீண்ட கால்களோடு கருநிற நண்டு இருப்பதாகச் சொல்லிவந்தார்கள். கேரளப் பல்கலைக்கழகத்தின் பிஜு குமாரும் ஸ்மிருதி ராஜும் தேடிப் போய்ப் பிடித்து, சிங்கப்பூரின் பீட்டர் இங்கோடு சேர்ந்து 2017இல் அறிவித்தார்கள். புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினமே! பேரினத்துக்கு ‘காணி’ என்றே பெயர் வைத்தார்கள்: காணி மரஞண்டு. அந்த மக்களுக்கு எப்போதும் தெரிந்திருந்த நண்டு அது. விஞ்ஞானம் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டது. பெயர் வைப்பதில் இதைவிட மரியாதையான ஒரு செயலை நான் கண்டதில்லை.

ஓடைக்கு ஓர் இனம் என்பது பெருமையும் ஆபத்தும் சேர்ந்தது. ஓர் ஓடையில் பூச்சிமருந்து கலந்தாலோ, ரிசார்ட்டுக்காக ஒரு சரிவை வெட்டி ஊற்றை மூடினாலோ, ஓர் இனம் மொத்தமாகப் போய்விடலாம், பெயர் வைப்பதற்கு முன்பே. எனவே அடுத்த மழைக்கு மலைப் பக்கம் போனால் குனிந்து பாருங்கள். அட்டை கடிக்கும், கடிக்கட்டும். நண்டு தென்பட்டால் மேலிருந்து ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று என்று படம் எடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து, ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் ஏற்றுங்கள். த்விவர்ணாவைக் கண்டவர்களும் நம்மைப்போல் கண்ணைத் திறந்துவைத்திருந்தவர்கள்தான். அனுமதியில்லாமல் ஒன்றைக்கூடப் பிடித்து வராதீர்கள். முக்கியமாக, புரட்டிய கல்லை இருந்தது இருந்தபடியே திருப்பி வையுங்கள். அடியில் குட்டிகள் இருக்கும்.