திட்டத்தில் இல்லாத மாணவன்

நாவலொன்றைத் திறனாயப் புகுவோர் முதலிற் கேட்கும் கேள்வி, அதில் உலவும் மாந்தர் இரத்தமும் சதையும் உடையோரா, அன்றி ஆசிரியரின் மனத்தில் மட்டும் வாழ்வோரா என்பதாகும். இக்கேள்வி இலக்கியத்துக்கு மட்டும் உரியதென்று நாம் ஒதுக்கிவைத்துவிட்டோம். அரசாங்க அறிக்கைகளையும் பல்கலைக்கழகங்களின் கல்வித் திட்டங்களையும் நோக்கி அதே கேள்வியை விடுக்க வேண்டும். அவற்றிலும் ஒரு கதாநாயகன் இருக்கிறான். அவனுக்கு 'மாணவன்' என்று பெயர். அவனுடைய வீடு எங்குள்ளது, தந்தை என்ன தொழில் செய்கிறார், இருந்து படிப்பதற்கு வீட்டில் ஓர் இடம் உண்டா என்பனவற்றைத் திட்டத்தை எழுதியோர் சொல்வதில்லை. ஆயினும் இக்கேள்விகளுக்கு ஒரு குறிப்பிட்ட விடையை எடுத்துக்கொண்டே ஒவ்வொரு வரியையும் எழுதுகின்றனர். கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் வகுத்த கல்வித் திட்டத்தைத் திருகோணமலைத் துறைமுக மாவட்டத்தில் நின்று வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2020 மார்ச் நடுப்பகுதியில் நாட்டின் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. மார்ச் 20ஆம் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. நிலாவெளிப் பக்கத்துக் கோணேசபுரியில் அமைந்துள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகமும் வெறிச்சோடியது. 2001இல் நிறுவப்பெற்ற இவ்வளாகத்தில் தொடர்பாடலும் வணிகமும், பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம் ஆகியன கற்பிக்கப்படுகின்றன. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூவினத்தாரும் இலங்கையின் பல மாவட்டங்களிலிருந்து வந்து இங்கே ஒன்றாய்ப் படிக்கின்றனர். அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பிய அதே நாட்களில், பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் படித்துவந்த திருகோணமலைப் பிள்ளைகள் மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் குச்சவெளிக்கும் வெருகலுக்கும் வந்து சேர்ந்தனர். ஆகவே இம்மாவட்டத்துக்கு மாணவர் பிரச்சினை இரு முகங்கொண்டது: ஒன்று, இங்கிருந்து சென்றவர்களுடையது, மற்றையது, இங்கு திரும்பி வந்தவர்களுடையது. திட்டமோ இவ்விரு சாராரையும் ஒரே ஆளாகவே கண்டது.

விமர்சனம் நேர்மையானதாயின் நல்லதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இணையவழி விரிவுரைகள் மிக விரைவாகத் தொடங்கப்பட்டன. 'லேர்ன்' எனப்படும் இலங்கைக் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பின் ஊடாகப் பல்கலைக்கழகச் சேவையகங்களை மாணவர் கட்டணமின்றி அடைவதற்கு வழி செய்யப்பட்டது. தொலைபேசிக் கம்பனிகளும் இதற்கு உடன்பட்டன. 2020இல் ஆசிய வளர்ச்சி வங்கி வெளியிட்ட ஆய்வுக் குறிப்பொன்று, ஏறத்தாழ 90 வீதமான மாணவர் இணையவழிக் கல்வியை அடைந்தனர் என்று கணித்து, கட்டணமற்ற அணுகலே இதற்கு முக்கிய காரணமெனப் பாராட்டியது. வறிய நாடொன்று செல்வ நாட்டுக்கு நிகராக நின்றமை பெருமைக்குரியதே. இலவசக் கல்வி என்னும் மரபு இந்நாட்டில் இல்லாதிருந்தால், கட்டணமற்ற அணுகல் என்ற எண்ணமே அதிகாரிகளின் உள்ளத்தில் இவ்வளவு எளிதில் உதித்திராது. 1943இல் கன்னங்கரா குழு அறிக்கையிட்டு, 1945இல் நடைமுறைக்கு வந்த அவ்வுரிமையின் பலனை நாம் அன்று கண்டோம்.

ஆயின் 90 என்ற எண் எதை அளந்தது? அது வாசலைக் கடந்தோரின் தொகை. உள்ளே அமர்ந்து கற்றோரின் தொகையன்று. குடிசன மதிப்பீட்டுத் திணைக்களத்தின் கணினி எழுத்தறிவு ஆய்வுகளின்படி அக்காலத்தில் இலங்கையின் வீடுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றிலேதான் கணினி இருந்தது. எஞ்சிய வீட்டுப் பிள்ளைகளுக்குக் கைத்தொலைபேசியின் சிறிய கண்ணாடியே வகுப்பறை ஆயிற்று. அதிலேதான் சூத்திரத்தையும் வரைபடத்தையும் பார்க்க வேண்டும். அதிலேதான் ஒப்படையையும் தட்டெழுத வேண்டும். 2021 யூலையில், ஊவாப் பகுதியின் போகிட்டியாவ என்னும் கிராமத்துப் பாடசாலைப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டு வழியே சென்று பாறை மீதும் மரத்தின் மீதும் ஏறிய படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. அப்படியேறிப் பாடம் பெற்ற பிள்ளையும் கணக்கெடுப்பில் 'அணுகல் பெற்றவர்' வரிசையிலேதான் சேரும்.

மீந்திருக்கும் 10 வீதத்தினர் யார்? அவர்கள் நாடெங்கும் சமமாகச் சிதறிக் கிடப்பவரல்லர். கல்வி வசதி குறைந்தவை என்று பல்கலைக்கழக அனுமதி முறையே ஏற்றுக்கொண்ட 16 மாவட்டங்களில் திருகோணமலையும் ஒன்று. வெட்டுப்புள்ளியை வகுக்கும்போது, 'உன் ஊரில் வசதி குறைவு' என்று ஒப்புக்கொண்டு அந்தப் பிள்ளைக்கு இடந்தருகிறோம். அவனை அதே ஊருக்குத் திருப்பி அனுப்பிப் பாடம் நடத்தும்போது மட்டும் அந்த வசதிக் குறைவு எங்ஙனம் மறைந்தது? அனுமதித் திட்டத்தில் இருந்த மாணவன் கல்வித் திட்டத்தில் இல்லை. இதுவே நாம் காணும் அடிப்படை முரண்பாடு.

இதனை இன்னுந் தெளிவாக அறியத் தர நிர்ணயக் கணக்கைப் பார்க்கலாம். இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பின்படி ஒரு திறமைப் புள்ளிக்கு 50 மணி நேரக் கற்றல் உரியது. ஆண்டொன்றுக்கு 30 புள்ளிகள், அதாவது 1,500 மணி. இதில் விரிவுரை கேட்கும் நேரம் ஒரு பகுதியே. மற்றையது மாணவன் தானே வாசித்தும் எழுதியும் பயின்றும் செலவிடும் நேரம். விடுதியும் நூலகமும் இருக்கும்வரை அந்நேரத்தைப் பல்கலைக்கழகமே அவனுக்கு வழங்கிற்று. நூலகத்தின் மேசை, விடுதியின் விளக்கு, பக்கத்து அறை நண்பனின் குறிப்பு ஆகிய யாவும் அந்த மணிக்கணக்கில் அடங்கும். வளாகம் மூடியபின் அந்நேரத்தை வழங்கும் பொறுப்பு எவருடைய அறிவிப்புமின்றி வீட்டின் மீது சுமத்தப்பட்டது. ஓர் அறையும் ஒரு விறாந்தையும் கொண்ட வீட்டில் ஆறு பேர் அடைந்து கிடக்கையில், படிப்பதற்கான நேரம் எங்கிருந்து வரும்? பெண்பிள்ளையாயின் நிலை இன்னும் கடினம். விடுதியில் மாணவியாக இருந்தவள் வீட்டு வாசலை மிதித்த கணமே மகளாகவும் அக்காவாகவும் சமையற்காரியாகவும் மாறிவிடுகிறாள். திட்டமோ 1,500 மணியில் ஒரு நிமிடத்தையும் குறைக்கவில்லை.

வீட்டின் நேரம் வீட்டின் வருவாயைச் சார்ந்தது. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மத்திய மீன் சந்தையில் தொற்றுப் பரவியதும் அச்சந்தை மூடப்பட்டது. கொழும்பில் ஒரு சந்தை மூடினால் கொட்டியாரக்குடாவின் கரையில் மீன் அழுகும். நாட்டின் மீன் வணிகம் அவ்வாறு கட்டப்பட்டிருக்கிறது. மீனை உண்டால் நோய் வரும் என்ற அச்சமும் சேர்ந்து விலையை வீழ்த்தியது. அன்று கரைக்கு வந்த மீனவனின் கையில் பணமில்லை; அவன் வீட்டில் இருந்த பல்கலைக்கழகப் பிள்ளையின் தொலைபேசிக்கு ரீலோட் இல்லை. பல்கலைக்கழகச் சேவையகம் இலவசமாயினும், நண்பரோடு பேசவும் பிற நூல்களைத் தேடவும் விரிவுரையாளருக்குச் செய்தி அனுப்பவும் காசு வேண்டும். துறைமுகத்தை அண்டிய மா ஆலைகளிலும் சீமெந்து ஆலைகளிலும் நாட்கூலிக்குப் போவோரின் வீடுகளும், கந்தளாய், தம்பலகாமம் வயல்களை நம்பிய வீடுகளும் இதற்கு விலக்கல்ல. பிள்ளை வகுப்பில் இல்லாமற் போனதைப் பேரேடு 'வரவின்மை' என்று பதிந்தது. அது வறுமையின் வரவு என்று பதிவதற்குப் பேரேட்டிற் கட்டம் இல்லை.

இம்மண்ணின் எழுத்தாளர், மூதூர் வ. அ. இராசரத்தினம், 'தோணி' என்னும் சிறுகதையிற் சொந்தத் தோணிக்காக ஏங்கும் மீனவ இளைஞனை நமக்குக் காட்டினார். கடல் எல்லோருக்கும் பொது. ஆயின் தோணி ஒருவனுடையது. கடல் திறந்திருக்கிறது என்று சொல்வதால் தோணியில்லாதவன் மீன் பிடித்துவிட முடியாது. பெருந்தொற்றுக் காலத்து இணையவழிக் கல்வியின் உண்மையும் இதுவே. கட்டணமற்ற அணுகலால் கடலைத் திறந்துவிட்டோம். தோணியைப் பற்றி யோசிக்கவில்லை. தமிழ்நாட்டில் 2021 ஜனவரி முதல் ஏப்ரில் வரை 9 இலட்சத்து 69 ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்லூரி மாணவருக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசமாக வழங்கப்பட்டது. அதன் பயனை அறிய வேண்டுமாயின், அங்கே 2011இல் தொடங்கிப் பல ஆண்டுகள் அரசுப் பள்ளி மாணவருக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கப்பட்டதையும் சேர்த்தே நோக்க வேண்டும். தேர்தற் கணக்கில் பிறந்த திட்டமாயினும் ஏழைப் பிள்ளையின் கையில் அது ஒரு தோணியைக் கொடுத்திருந்தது.

இவ்விடத்தில் நம்மிடையே உள்ள தோழர் சிலரின் கருத்தையும் ஆராய வேண்டும். எல்லோருக்கும் சம வசதி கிடைக்கும்வரை இணையவழி வகுப்புகளை முற்றாக நிறுத்தியிருக்க வேண்டும் என்பது அவர்களது வாதம். இதன் பின்னுள்ள நீதியுணர்ச்சியை மதிக்கிறோம். ஆயினும் இவ்வாதம் ஏழை மாணவனுக்கே தீங்கானது. பணம் படைத்தவன் தனியார் நிறுவனத்திலோ வெளிநாட்டிலோ தன் பட்டத்தை முடித்துக்கொள்வான். ஓராண்டு தாமதம் அவனுக்கு ஓராண்டு விடுமுறை. கிண்ணியாக் கூலியாளின் மகனுக்கோ அது ஓராண்டுச் சம்பளத்தின் இழப்பு. அவன் தங்கையின் திருமணத்தின் தாமதம். 2020 ஒக்டோபரில் ஓர் உயர்தரப் பரீட்சை. அடுத்தது 2022 பெப்ரவரியில். அதற்கடுத்தது 2023 ஜனவரியில். இவ்வாறு காலம் நீண்டதால் இருபது வயதிலும் வாசலிற் காத்துக் கிடந்தோர் பலர். காலமும் ஒரு சொத்தே; ஏழையிடம் அது மிகக் குறைவாக உள்ளது. ஆகவே வகுப்பை நிறுத்துவதோ தொடர்வதோ அல்ல உண்மையான பிரச்சினை. எவரைக் கணக்கில் வைத்துத் தொடர்வது என்பதே பிரச்சினை.

மாணவர் நலம் என்ற பெயரில் இருந்தது என்ன? 1981இல் தொடங்கப்பட்ட மகாபொல புலமைப்பரிசில் பெருந்தொற்றுக் காலத்தில் மாதம் 5,000 ரூபாவாக இருந்தது. விடுதியில் அரை வயிற்றுக்குப் போதாத அத்தொகை, வீட்டில் முழுக் குடும்பத்தின் வருவாயாகவும் மாறிய இல்லங்கள் உண்டு. 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அது 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. 2022இன் விலையேற்றத்தைக் கண்ட எவரும் இதனை உயர்வென்று கூறத் தயங்குவர்.

விரிவுரையாளரைக் குற்றஞ் சாட்டுவது எளிது. ஆயின் அவர்களிற் பெரும்பாலோர் எத்தகைய பயிற்சியுமின்றித் தம் வீட்டு மூலையிலிருந்து வெறுந் திரையை நோக்கிப் பேசினர். கறுப்புக் கட்டங்களில் பெயர்கள் மட்டும் தெரிய, மாணவர் கேட்கின்றனரா உறங்குகின்றனரா என்று அறியாத ஆசிரியனின் தனிமையும் ஒரு துன்பமே. சித்த மருத்துவ மாணவனுக்கு நாடி பிடிக்கக் கற்றுக்கொடுக்க நோயாளியின் கை வேண்டும். அதைத் திரையில் எவ்வாறு நீட்டுவது? குறை மனிதரில் அன்று, மனிதரைக் காணாத அமைப்பில் உள்ளது.

'இப்படி ஓர் இடர் வருமென்று எவர் கண்டார்?' என்று சிலர் கேட்பர். திருகோணமலையில் நின்று இவ்வாறு கேட்க முடியாது. 1942 ஏப்ரில் 9ஆம் திகதி இத்துறைமுகத்தின் மீது யப்பானியர் குண்டு வீசினர். 1964 டிசெம்பரில் சூறாவளி இக்கரையைத் தாக்கிற்று. பின்னர் பல்லாண்டு யுத்தம், 2004இல் ஆழிப்பேரலை, 2006இல் மூதூரும் சம்பூரும் பெயர்ந்தன, சம்பூர் மக்கள் தம் மண்ணுக்குத் திரும்ப ஏறத்தாழ பத்து ஆண்டுகள் சென்றன. இம்மாவட்டத்துப் பிள்ளைக்குக் கல்வி இடையறுவது விதிவிலக்கன்று. அதுவே அவன் வாழ்வின் விதி. ஆகவே இடையறாத வாழ்வை எடுத்துக்கொண்டு எழுதப்படும் எந்தத் திட்டமும் இங்கே கற்பனைக் கதையே. கொவிட்டின் பின்னரும் பாடம் கற்கப்படவில்லை என்பதற்கு 2022 யூன் மாதமே சான்று: எரிபொருள் இல்லாமற் போனபோது பல்கலைக்கழகங்கள் மீண்டும் இணையவழிக்குத் திரும்பின, மின்வெட்டு மணிக்கணக்கில் நீடித்த அந்நாட்களில், அதே மாணவனை அதே கற்பனையோடு மீண்டும் எதிர்கொண்டன.

செய்ய வேண்டுவன விண்ணைத் தொடும் காரியங்களல்ல. மாணவன் பதிவு செய்யும் நாளிலேயே அவனிடம் கணினி உண்டா, வீட்டில் மின்சாரமும் சிக்னலும் எவ்வாறு, குடும்ப வருவாய் எதனைச் சார்ந்தது என்பனவற்றை அறிந்து வைக்கலாம். கருவியற்றோருக்கு நூலகம் நூலைக் கொடுப்பது போலவே மடிக்கணினியை இரவலாகக் கொடுக்கலாம். பிரதேச சபை நூலகங்களையும் பாடசாலைகளையும் அந்தந்த ஊர்ப் பல்கலைக்கழக மாணவர் கூடிப் படிக்கும் இடங்களாக்கலாம். பேராதனை மாணவி மூதூரிலும், திருகோணமலை வளாக மாணவன் அம்பாந்தோட்டையிலும் அமர்ந்து படிக்கப் பல்கலைக்கழகங்கள் தம்முள் உடன்பாடு செய்துகொள்ளலாம். வீட்டிற் படிக்க இயலாதோருக்கு விடுதியின் ஒரு பகுதியைத் திறந்து வைக்கலாம். அச்சிட்ட பாடங்களைத் தபாலில் அனுப்பலாம். திறந்த பல்கலைக்கழகம் பல்லாண்டு பழகிய முறைதான் அது. வகுப்பிற்குத் தொடர்ந்து வராதவனுக்குத் தண்டனைக் கடிதம் அனுப்பு முன், அவன் மொழியிற் பேசும் ஒருவர் அவனை அழைத்து ஏன் என்று வினவலாம். இவை யாவற்றையும் இடர் வந்தபின் சுற்றுநிருபமாக அன்றி, இடர் வருமுன் விதியாக எழுதிவைக்க வேண்டும்.

இறுதியாக எழுத்தாளருக்கும் ஒரு வார்த்தை. பெருந்தொற்றைப் பற்றி நாம் எழுதியவற்றில் தனிமையும் மரண பயமும் நிறைய உண்டு. ஒரே தொலைபேசியை அண்ணனும் தங்கையும் முறைவைத்துப் பகிர்ந்த வீட்டை எழுதியோர் குறைவு. அறிக்கை எழுதுவோர் காணாத மாணவனைக் கதை எழுதுவோரும் காணாவிட்டால், அவன் எந்தப் பேரேட்டிலும் இல்லாதவனாகிவிடுவான். 90 என்ற எண்ணைப் பாராட்டுவோர் பாராட்டட்டும். மற்றைய பத்துப் பேரின் பெயரையும் ஊரையும் கேட்பதே நம் பணி.