யூத இல்லற விதிநூல்களிற் சுருக்கம்

விரிந்த நூலொன்றைச் சுருக்குவோன் அதனைக் குறைக்கின்றானா, புதிதாக யாக்கின்றானா என்பது திறனாய்வாளர் எண்ணுதற்குரிய வினா. தொகுத்தலை வழிநூலின் வகைகளுள் ஒன்றாகத் தொல்காப்பியம் கொண்டமையின் தமிழ் மாணவர்க்கு இது புதிய வினாவன்று. எனினும், சுருக்கத்தின் பயன் ஏட்டளவில் நில்லாது அடுக்களை வரையிற் சென்று சேர்ந்த இலக்கியம் ஒன்றைக் காண விழைவார் யூதர்தம் விதிநூல்களை நோக்குதல் தகும். அவை இல்வாழ்வைச் சுமையாக்கின என்பாரும் உளர். சுமையை எளிதாக்கவே அவற்றுட் சில எழுந்தன என்பது அந்நூல்களைப் படிப்பார்க்குப் புலனாகும்.

ஏறத்தாழக் கி.பி. 200இல் தொகுக்கப்பெற்ற மிஷ்னா மூலநூல். அதன்மேல் எழுந்த பெருவிவாதமே பாபிலோனியத் தல்மூத். அக்கடலைக் கடக்க இயலாதார் பொருட்டு யோசேப் காரோ என்பார் சபேத் நகரில் 1563இல் ஒரு நூலை முடித்தார். அது 1565இல் வெனிசில் அச்சேறியது. 'ஷுல்கான் அரூக்' என்னும் அதன் பெயர்க்கு, உண்பார்க்கென ஒழுங்குசெய்து வைத்த மேசை என்பது பொருள். நாளொரு பகுதியாக ஒரு திங்களில் முழுவதையும் ஓதி முடிக்குமாறு முப்பது கூறாக அதனை அவர் வகுத்தார். கிராக்கோ நகரத்து மோசே இசர்லீஸ் அதற்குக் குறிப்புகள் வரைந்து, அவற்றிற்கு 'மேசை விரிப்பு' எனப் பெயரிட்டார். நகைச்சுவை உணர்வு சட்ட அறிஞர்க்கும் உண்டு போலும்.

இச்சுருக்கம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதைக் காண ஓரிடமே போதும். யூதர்தம் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை ஞாயிறு மறையும்போது தொடங்குவது. அந்நாளில் விலக்கத்தக்க வினைவகைகள் முப்பத்தொன்பது என மிஷ்னா கணக்கிடுகின்றது. தீ மூட்டலும் சமைத்தலும் அவற்றுள் அடங்கும். ஆதலின் மறுநாள் உணவு உட்பட அனைத்தும் பொழுது சாயுமுன் முடிந்தாகல் வேண்டும். வாரத்தில் மனையோர் மிகுதியும் விரையும் வேளை அதுவே.

அவ்வேளையில் வீட்டுத் தலைவன் கூறவேண்டியவை மூன்று என்பது மிஷ்னா. விளைபொருளிலிருந்து தசமபாகம் பிரித்தாயிற்றா என்பது முதல் வினா. முற்றத்து மனைகளை ஓரிடமாக்கும் பொது உணவை வைத்தாயிற்றா என்பது இரண்டாவது. மூன்றாவது வினாவன்று, விளக்கேற்றுக என்னும் ஏவல். முன்னிரண்டும் செய்தமை கண்ணுக்குப் புலனாகா, ஆதலின் வினவப்படும். விளக்கெரிவதோ காட்சிப்பொருள், அதனை வினவுதல் பொருந்தாது என உரையாசிரியர் ராஷி வேறுபாடு காட்டுவர். நம் உரையாசிரியரைப் பயின்றோர்க்கு இவ்வகை நுட்பம் மகிழ்ச்சி தரும்.

ஆயின், இதனை அடுத்து முன்னின்ற பகுதி கடுமையானது. விளக்கேற்றல் உள்ளிட்ட மூன்று கடமைகளில் தவறும் பெண்டிர் மகப்பேற்றில் இறப்பர் என்று அச்சுறுத்துவது அது. அச்சுறுத்தலை அடுத்து வினாக்களை வைத்தால் வினவும் குரல் எத்தகையதாய் இருக்கும்? தல்மூத் அறிஞர் இதனை உணர்ந்தனர் போலும். மூன்றையும் மென்மையாகவே கூறல் வேண்டும், அப்போதே வீட்டார் ஏற்பர் என ரப்பா பர் ராவ் ஹூனா மொழிந்தார். அவர் கூற்றைத் தாம் கேட்டதில்லை எனினும் தம் அறிவு கொண்டே அவ்வாறு ஒழுகிவந்ததாக ராவ் ஆஷி கூறினார். இக்கூற்றே அப்பகுதியின் உயிர் என்பது எம் கருத்து. வேறோரிடத்தில், இல்லத்தார்மேல் மிக்க அச்சத்தைச் சுமத்திய அனினா பென் கமாலியேல் என்பாரின் கதை வருகின்றது. அவர்க்கு அஞ்சிய வீட்டார், உயிருள்ள விலங்கினின்று அறுத்த உறுப்பையே அவர்க்கு உணவாக்க முற்பட்டனராம். விதியைக் காக்க எழுந்த அச்சம் விதியையே அழிக்கத் துணிந்தமையை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது.

இவ்வளவையும் காரோ என்செய்தார்? ராவ் ஆஷியும் இல்லை; அனினாவின் கதையும் இல்லை. இருள் நெருங்கும்போது வீட்டாரை மென்மொழியால் வினவுக என்னும் விதி மட்டும் நிற்கின்றது. மாவிற் பங்கு பிரித்தல் பற்றிய வினாவும் உடன் சேர்ந்தது. பெண்டிர்க்கு விளக்கின்கண் மிகுந்த பொறுப்புண்மைக்கு அவர் கூறும் காரணம் வேறு: அவர்கள் வீட்டிலிருந்து வீட்டுத் தேவைகளில் ஈடுபட்டிருப்பவர். மைமோனிடிஸ் வழியே வந்த காரணம் இது. அச்சுறுத்தலின் இடத்தை நடைமுறை பெற்றுள்ளது. தசமபாகம் இல்லாத நாடுகளில் அவ்வினா வேண்டா என இசர்லீஸ் மேலும் எளிதாக்கினார்.

இத்தகைய தொகுப்புகளைக் கடிந்தோர் பலர். பிராக் நகரத்து மகரால் (மறைவு 1609), காரணம் அறியாது விதிநூல் கொண்டு முடிபு கூறுவதினும், தல்மூதை ஆராய்ந்து தன் அறிவாற் பிழைபடுதல் மேல் எனக் கருதினார். கல்விக் கூடத்திற்கு இக்கொள்கை பொருந்தும். ஞாயிறு சாய, அடுப்பில் உலை கொதிக்க, குழந்தை அழ நிற்கும் ஒருத்திக்கு நான்கு அறிஞரின் மாறுபட்ட கருத்துகளால் ஆவது என்னை? இனி என்செய்வது என்னும் ஐயத்தினின்று அவளை விடுவித்தமையே காரோவின் நன்மை. வேலை குறையவில்லை, தயக்கம் குறைந்தது. ஆயினும் மென்மை பற்றிய இடத்தில் மகராலின் சொல் முழுதும் தள்ளத்தக்கதன்று. ராவ் ஆஷி அறிந்து செய்ததை, காரோவைப் படிப்பவன் ஏவலுக்கு அடங்கிச் செய்வான். விதிக்காக மென்மையாய்ப் பேசுவோனின் குரலை வீட்டார் அறியாரோ?

1864இல் சாலமன் கான்ஸ்பிரைட் வெளியிட்ட 'கிட்சூர்' சுருக்கத்தின் சுருக்கம். காரோ மூவர் முடிபுகளை ஒப்பிட்டுப் பெரும்பான்மை கொண்டது போலவே இவரும் பிற்கால மூவரைக் கொண்டார். 221 இயல்களில் முதலாவது துயிலெழுதல் பற்றியது. இறுதி, பெற்றோர் நினைவுநாள் நோன்பு. வாழ்வின் போக்கே நூலின் போக்காயிற்று. எளிய மனையில் எளிதிற் பயன்பட்டதற்கு மொழியினும் இவ்வைப்புமுறையே பெருங்காரணம் எனலாம்.

இந்நூல்கள் அனைத்திலும் ஒன்று காணப்படவில்லை. அது வீட்டாரின் விடை. வினவுவோன் குரலே எங்கும் கேட்கின்றது. மறுகுரலைக் கேட்க விழைவார் ஹாமெல்ன் கிளுக்கேலின் நினைவுக்குறிப்புகளை நாடவேண்டும். 1689இல் கணவரை இழந்து, உறக்கமற்ற இரவுகளின் துயர் மாற்ற 1691இல் இத்திஷ் மொழியில் எழுதத் தொடங்கியவர் அவர். நூல் அச்சானது 1896இல். பதினான்கு மக்களைப் பெற்று, வாணிகத்தையும் நடத்திய அவ்வம்மையார் தம் மக்களுக்காக அதனை ஏழு பகுதிகளாக வகுத்தெழுதினார். திருமணப் பேச்சும் கடனும் நோயும் முத்து வாணிகமும் அவற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன, எதுவும் சுருக்கப்படவில்லை.