எர்த்ஸீ: ஒரு கடலின் வரலாற்றை யாரிடம் கேட்பது?

இல்லாத கடலுக்கு எதற்குப் பூகோளம், எதற்குச் சரித்திரம் என்று கேட்கிற தோழர்கள் உண்டு. இருக்கிற கடல்களின் பிரச்சினையே தலைக்குமேல் கிடக்கிறதே என்பார்கள். கிடக்கட்டும். ஒரு வரலாறு எப்படிக் கட்டப்படுகிறது, பிறகு அது எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பதை ஒரே ஆசிரியரின் கையில், ஒரே கடலில் பார்க்க வாய்ப்பது அரிது. உர்சுலா லெ க்வின் (1929–2018) புனைந்த எர்த்ஸீ அப்படி ஒரு கடல்.

நாவலை எழுதத் தொடங்குமுன் அவர் வரைபடத்தைத்தான் வரைந்தார். கண்டம் என்று எதுவும் கிடையாது. தண்ணீரில் சிதறிக் கிடக்கும் தீவுகள்தான். நடுவில் உள்கடல், அரியணை இருக்கும் ஹாவ்னர், மந்திரவாதிகளின் கல்விக்கூடமான ரோக். மற்றதெல்லாம் வட எல்லை, கீழ் எல்லை, தென் எல்லை, மேல் எல்லை. யாருக்கு எல்லை? ஹாவ்னரில் உட்கார்ந்திருப்பவனுக்கு. அங்கேயே பிறந்தவளுக்கு அதுதானே நடு! வடகிழக்கே கார்க் தீவுகள். அந்த மக்கள் வெள்ளைத் தோல்காரர்கள். முதல் நாவலில் (1968) கொள்ளையடிக்க வரும் முரடர்கள். நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன், அவன் நண்பன் வெட்ச் கறுப்பன். நிறப் படிநிலையை இப்படிப் புரட்டிப் போட்டது சின்ன விஷயமில்லை. 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சி கெட்டை வெள்ளையனாக்கியபோது லெ க்வின் பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார். ஆனாலும் நாகரிகம்/காட்டுமிராண்டித்தனம் என்கிற எதிர்வு முதல் நாவலில் அப்படியேதான் நிற்கிறது. ஆட்கள் இடம் மாறினார்கள், அவ்வளவுதான்.

இந்த உலகில் மந்திரம் என்பது பெயரிடும் அதிகாரம். ஒன்றின் மெய்ப்பெயர் தெரிந்தவனுக்கு அது கட்டுப்படும். ஆனால் ரோக்கின் பாடத்திலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. கடலை ஆளக் கடலின் பெயர் ஒன்று போதாது; ஒவ்வொரு விரிகுடாவின், ஒவ்வொரு துளியின் பெயரும் தெரிந்தாக வேண்டும். எவனுக்கும் தெரியாது. அதிகாரத்தின் சொல்லாடலுக்குள் அடங்காமல் எப்போதும் ஏதோ மிஞ்சுகிறது. நான் வாசிப்பது அந்த மிச்சத்தை.

உதாரணமாக, சமாதானச் சின்னமான எரெத்-அக்பேயின் வளையம். உடைந்த அதன் ஒரு பாதி எங்கே இருந்தது? பெயரே இல்லாத ஒரு மணல்திட்டில், குழந்தையாக இருக்கும்போதே கொண்டுவந்து தள்ளப்பட்ட ஒரு கார்க் கிழவியிடம். வாங்கிக்கொண்டு போகிற கெட்டுக்கே அது என்னவென்று தெரியாது. அல்லது தென் எல்லைக்கும் அப்பால் தெப்பங்களிலேயே வாழும் மக்கள் (1972). மரம் வெட்டித் தெப்பத்தைச் செப்பனிட ஆண்டுக்கு ஒருமுறை தரை தொடுவதோடு சரி. ஹாவ்னர் அரியணை காலியா நிரம்பியா என்பது அவர்களுக்கு ஒரு சேதியே இல்லை.

1990இல் ‘டெஹானு’ வந்தது. கெட் பிறந்த அதே தீவு. இப்போது பார்வை அடுப்படியிலிருந்து. கார்க் பெண் டெனார், தீயில் கருகிய ஒரு சிறுமி, சக்தியெல்லாம் போய் ஆடு மேய்க்கும் கெட். 2001இல் இன்னும் இரண்டு நூல்கள். ரோக் கல்விக்கூடத்தை உண்டாக்கியதில் பெண்களுக்குப் பெரும்பங்கு உண்டென்றும், பின்னால்தான் அவர்களுக்குக் கதவடைக்கப்பட்டது என்றும் தெரியவருகிறது. செத்தவர்கள் போய்ச்சேரும் வறண்ட நிலம் டிராகன்களிடமிருந்து மந்திரவாதிகள் அபகரித்தது என்பதும் வெளிப்படுகிறது. இதை வெளிக்கொணர்வதில் முன்நிற்பவர்கள் யார்? உடைந்த பானையை ஒட்டவைக்கும் ஆல்டர், கார்க் பெண்கள், அந்தக் கருகிய சிறுமி. ஒரு தீவும் நகரவில்லை, கரைக்கோடு மாறவில்லை. யாரிடம் கேட்டு எழுதுவது என்பதை மாற்றியதும் முழுச் சரித்திரமும் வேறாகிவிட்டது. தரவுகள் கிடைக்கவில்லை என்று கைவிரிக்கும் வரலாற்றாளர்களுக்கு இதைவிடப் பதில் என்ன வேண்டும்?

இனி என் சண்டை. எண்ணூறு ஆண்டுகள் காலியாகக் கிடந்த அரியணையில் 1972இல் லெபன்னெனை ஏற்றினார் லெ க்வின். பிறகு ஆண்மை, மந்திரம், மரணம் என்று எல்லாவற்றையும் கேள்விக்குட்படுத்தியவர் அந்த நாற்காலியை மட்டும் அசைக்கவில்லை. 2001 நாவலிலும் நல்ல ராஜா, கார்க் இளவரசியோடு கல்யாணம், தேசங்கள் சமாதானம். அரசே இல்லாத ஒரு சமூகத்தை ‘த டிஸ்பொசெஸ்ட்’ (1974) நாவலில் அவ்வளவு நுட்பமாக யோசித்தவர் இவர்தான்! நிலா ஒன்றில் சாத்தியமானது இந்தக் கடலில் ஏன் ஆகவில்லை? பெண்களுக்காகத் திரும்பி வந்த ஆசிரியர் தெப்பக்காரர்களுக்காகத் திரும்பி வரவில்லை. பிரதி தன்னைத்தானே கட்டுடைத்துக்கொண்டு போய் நின்ற இடம் இது.

அங்கிருந்து தொடர்வதற்கு அனுமதி எதுவும் தேவையில்லை. எழுதுகிற நண்பர்கள் ஒரு தெப்பத்தில் ஏறி, ஹாவ்னர் எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில் கிடக்கிறது என்று பார்த்துச் சொல்லலாம்.