ஒரு மனு, ஐந்து மாதம்: ‘இகிரு’ படத்தை ரசிப்பது எப்படி?

திரையில் முதலில் தெரிவது ஒரு வயிற்றின் எக்ஸ்ரே. இது கதாநாயகனின் வயிறு, இதில் புற்றுநோய் இருக்கிறது, அது அவருக்கு இன்னும் தெரியாது என்று ஒரு குரல் சொல்கிறது. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1952-இல் எடுத்த ‘இகிரு’ இப்படித்தான் ஆரம்பிக்கிறது. அதனால் கதை தெரிந்துகொண்டு பார்ப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை. ஆள் பிழைப்பாரா மாட்டாரா என்ற கேள்வியைப் படமே முதல் நிமிடத்தில் தீர்த்துவிடுகிறது. மிச்சமிருக்கும் 2 மணி 20 நிமிடம் வேறொன்றுக்காக.

அந்த வேறொன்று என்ன என்பதில்தான் பலருடைய கவனம் தப்பிப்போகிறது. கைக்குட்டையோடு உட்கார வேண்டிய மரணப் படம் என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. கண்ணீர் வரும், மறுப்பதற்கில்லை. ஆனால் மேஜையில் கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரு மனுவின் கதையாக இதைப் பார்க்கிறவருக்கே படத்தின் முழு பலமும் பிடிபடும்.

கான்ஜி வாத்தனாபே நகரசபையில் பொதுமக்கள் பிரிவின் தலைமை அதிகாரி. ஏறக்குறைய 30 வருடம் விடுப்பே எடுக்காதவர். மனைவி இறந்தபின் மறுமணம் செய்துகொள்ளாமல் மகனை வளர்த்தவர். முதுகுக்குப் பின்னால் கட்டுக்கட்டாகக் கோப்புகள் அடுக்கியிருக்க, அவர் முத்திரை குத்திக்கொண்டே இருக்கிறார். அலுவலக வேலையை எப்படிச் சீர்செய்யலாம் என்று இளமையில் அவரே எழுதிய திட்டம் ஒன்று மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. அதிலிருந்து ஒரு தாளைக் கிழித்து முத்திரையைத் துடைக்கிறார். வசனமே இல்லாத இந்தச் சில நொடிகளில் ஒரு மனிதரின் முப்பது வருடமும் வந்துவிடுகிறது.

குரோயே என்ற பகுதியிலிருந்து பெண்கள் ஒரு மனுவோடு வருகிறார்கள். தேங்கி நாறும் சாக்கடைக் குட்டையை மூடி, அங்கே பிள்ளைகளுக்குப் பூங்கா அமைத்துத் தர வேண்டும் என்பது கோரிக்கை. பொதுமக்கள் பிரிவிலிருந்து பொதுப்பணி, அங்கிருந்து பூங்கா, சுகாதாரம், தீயணைப்பு, துணை மேயர் என்று சுற்றவிட்டுக் கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே அனுப்புகிறார்கள். ஒவ்வோர் அலுவலரின் முகமும் முந்தைய முகத்தைத் திரையின் ஓரம்வரை தள்ளிக்கொண்டு வருகிறது. தாலுகா அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்காக நின்றவர்கள் யாருக்கும் இந்தக் காட்சிக்கு சப்டைட்டில் தேவைப்படாது. இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வாத்தனாபேவின் கடைசி மாதங்களுக்கு அர்த்தம் தரப்போகும் காகிதம், நோய் தெரிவதற்கு முன்பே அவர் மேஜைக்கு வந்துவிட்டது.

அடுத்துக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்து ஜப்பானில் புற்றுநோய் என்றால் மருத்துவர்கள் நோயாளியிடம் சொல்ல மாட்டார்கள். காத்திருக்கும் இடத்தில் ஒருவர் வாத்தனாபேவிடம் பேச்சுக் கொடுக்கிறார். சாதாரண வயிற்றுப் புண்தான், பிடித்ததைச் சாப்பிடுங்கள் என்று மருத்துவர் சொன்னால் கதை முடிந்தது என்று அர்த்தம் என்கிறார். உள்ளே போனால் மருத்துவர் அதே வார்த்தைகளைச் சொல்கிறார். வெளியே வந்து தெருவில் நடக்கும் வாத்தனாபேவைச் சுற்றி ஒரு சத்தமும் இல்லை. கிட்டத்தட்ட லாரியின் முன்னால் போய் நிற்கும்போதுதான் நகரத்தின் இரைச்சல் மொத்தமாக வந்து மோதுகிறது. டிவியின் ஒலியைக் குறைத்து வைத்திருப்பவர்கள் இந்த இடத்தை இழந்துவிடுவார்கள்.

சாவு நிச்சயம் என்று தெரிந்ததும் மனிதருக்கு ஞானம் பிறந்துவிடும் என்று எத்தனையோ கதைகள் சொல்கின்றன. குரோசாவா அப்படிச் சொல்லவில்லை. அந்த நேர்மைதான் இந்தப் படத்தின் உயரம் என்று தோன்றுகிறது. வாத்தனாபே முதலில் உடைந்துபோகிறார். மகனும் மருமகளும் தன் சேமிப்பை வைத்து வீடு கட்டப் பேசுவதை இருட்டில் உட்கார்ந்து கேட்கிறார். அலுவலகம் போவதை நிறுத்துகிறார். வங்கியிலிருந்து 50,000 யென் எடுத்துக்கொண்டு, மதுக்கடையில் அறிமுகமான ஒரு எழுத்தாளரோடு இரவு முழுக்க நடன அரங்குகளில் அலைகிறார். அதில் நிம்மதி இல்லை. அலுவலக வேலையை உதறிவிட்டுப் போகும் டோயோ என்ற இளம்பெண்ணின் சிரிப்பில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறார். அதிலும் விடை இல்லை, அவளுக்கே அது சலிப்பாகிவிடுகிறது. நோய் தெரிந்தபின் படத்தின் பெரும்பகுதி இந்தத் தடுமாற்றத்துக்கே போகிறது. படம் இழுக்கிறதே என்று இங்கே சிலர் எழுந்துவிடுவதுண்டு. எழக் கூடாது. அந்த நீளம் வேண்டுமென்றே வைத்தது.

டோயோ இப்போது பொம்மைத் தொழிற்சாலையில் முயல் பொம்மை செய்கிறாள். எங்கோ இருக்கும் குழந்தைகளோடெல்லாம் சிநேகமாகிவிட்டதுபோல இருக்கிறது, நீங்களும் ஏதாவது செய்து பாருங்களேன் என்கிறாள். அவர் கண்கள் விரிகின்றன. பொம்மையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடுகிறார். அதே படிக்கட்டில் ஏறிவரும் வேறொரு பெண்ணுக்காக இளைஞர் கூட்டம் ஒன்று பிறந்தநாள் பாட்டுப் பாடுகிறது. மறுநாள் அலுவலகத்தில் அவர் தேடி எடுப்பது குரோயே பெண்களின் மனுவை. தேநீர் இடைவேளை வேண்டுமென்றால் அது இங்கேதான்.

ஏனென்றால் அடுத்த காட்சியில் அவர் இல்லை. ஐந்து மாதம் கழித்து அவர் இறந்துபோனார் என்று குரல் அறிவிக்க, அவருடைய புகைப்படத்தின் முன் அதிகாரிகள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பூங்கா எப்படி உருவானது என்பதைப் பார்க்க ஆவலாக இருக்கும் நேரத்தில் நாயகனையே எடுத்துவிடும் துணிச்சல் 1952-இல் மட்டுமல்ல, இன்றைக்கும் அபூர்வம். கடைசி ஐம்பது நிமிடம் பெரும்பாலும் இந்தத் துக்க வீடுதான்.

யார் எப்போது பேசுகிறார்கள் என்பதைக் கவனித்தால் காட்சி திறந்துகொள்ளும். துணை மேயர் இருக்கும்வரை, பூங்காவின் பெருமை அவருக்கே என்று எல்லோரும் தலையாட்டுகிறார்கள். குரோயே பெண்கள் வந்து படத்தின் முன் ஊதுவத்தி ஏற்றி அழுகிறார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. துணை மேயர் இருப்புக் கொள்ளாமல் கிளம்புகிறார். பிறகு அரிசி மது உள்ளே இறங்க இறங்க, ஒவ்வொருவர் ஞாபகத்திலிருந்தும் ஒரு துண்டு வெளியே வருகிறது. ஒருவர் தேர்தல்தான் காரணம் என்கிறார், இன்னொருவர் எல்லாம் தற்செயல் என்கிறார். கிமுரா என்ற ஒருவர் மட்டும் இறந்தவர் பக்கம் நிற்கிறார். தனக்கு நோய் இருப்பது வாத்தனாபேவுக்குத் தெரியுமா என்ற கேள்வி நெடுநேரம் சுற்றுகிறது. தெரியும் என்பது பார்வையாளருக்கு முன்பே தெரியும்.

அந்த ஞாபகத் துண்டுகளில் வாத்தனாபே வீரவசனம் எதுவும் பேசுவதில்லை. ஒவ்வொரு பிரிவின் வாசலிலும் குனிந்து நிற்கிறார், கையெழுத்து விழும்வரை நகர மறுக்கிறார். அவமானப்படுத்துகிறவர்கள்மேல் கோபம் வரவில்லையா என்று கேட்டால், யாரையும் வெறுக்கத் தனக்கு நேரமில்லை என்கிறார். மிரட்டும் ரௌடிகளைப் பார்த்துச் சிரிக்கிறார். ஒரு சாயங்காலம் பாலத்தின்மேல் நின்றுவிடுகிறார். இத்தனை வருடம் இந்த வானத்தைப் பார்க்கவே இல்லையே என்று வியக்கிறார். உடனே, அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை என்று நடையைக் கட்டுகிறார். கண்முன் இருப்பதை முழுதாகப் பார்ப்பதும் எடுத்த வேலையை விடாமல் இருப்பதும் ஒரே மூச்சில் நடக்கும் இந்தச் சில நொடிகளுக்காகவே படத்தை மறுபடி ஓடவிடலாம்.

மறுபடி பார்க்கும்போது தகாஷி ஷிமுராவின் உடம்பை மட்டும் கவனிக்கலாம். நடித்தபோது அவருக்கு வயது 47. கூன் விழுந்த தோள், தொண்டையிலேயே சிக்கிக்கொள்ளும் குரல், இமைக்க மறந்த கண்கள். இரண்டே வருடத்தில் ‘ஏழு சாமுராய்’ படத்தில் தலைமைச் சாமுராயாக நிமிர்ந்து நின்றவரும் இவர்தான். படத்தில் அவர் இரண்டு முறை பாடும் 1915-ஆம் ஆண்டுக் காதல் பாட்டையும் ஒப்பிட்டுக் கேட்க வேண்டும். மதுக்கடையில் அது புலம்பலாக வருகிறது, ஆடுகிறவர்கள் விலகி நிற்கிறார்கள். தான் உண்டாக்கிய பூங்காவின் ஊஞ்சலில், பனி கொட்டும் இரவில் அதே பாட்டு வரும்போது அந்தக் குரலில் குறை எதுவும் இல்லை.

தன் சாவைப் பற்றி அடிக்கடி யோசிப்பதாகவும், செய்ய வேண்டியது இவ்வளவு இருக்கும்போது எப்படிப் போவது என்ற தவிப்பிலிருந்தே இந்தப் படம் பிறந்ததாகவும் குரோசாவா சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 42. அதற்குப் பின் நாற்பது வருடம் படம் எடுத்தார்.

‘இகிரு’வைப் பார்த்தபின் இரண்டு துணைகள் தேடிக்கொள்ளலாம். ஒன்று, 2022-இல் வந்த ‘லிவிங்’. நாவலாசிரியர் கஸுவோ இஷிகுரோவின் திரைக்கதை கதையை ஐம்பதுகளின் லண்டனுக்குக் கொண்டுபோகிறது, பில் நை நாயகன். அழகான படம், ஆனால் துக்க வீட்டின் அந்த நீண்ட, வியர்வை நாறும் வாக்குவாதத்தை அது சுருக்கிவிட்டது. அதனால் மூலத்தைப் பார்த்தபின் பார்ப்பதே நல்லது.

இன்னொன்று, குரோசாவாவுக்கு வித்தாக இருந்த டால்ஸ்டாயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’. 1886-இல் வந்த குறுநாவல். அது தொடங்குவதே மரணச் செய்தியில்தான். இறந்தவரின் சகாக்கள் காலியான இடத்தால் யாருக்குப் பதவி உயர்வு என்று கணக்குப் போடுகிறார்கள். குரோசாவா அந்த ஆட்களைத்தான் துக்க வீட்டில் கொண்டுவந்து உட்காரவைத்தார். இவானுக்குத் தெளிவு பிறக்கும்போது உயிர் பிரியும் நேரம் நெருங்கிவிட்டது, எழுந்து போய்ச் செய்ய எதுவும் இல்லை. வாத்தனாபேவுக்கு ஐந்து மாதமும் ஒரு மனுவும் இருந்தன. டால்ஸ்டாயிடம் இல்லாமல் குரோசாவா சேர்த்தது இந்த இரண்டையும்தான்.